ஊரின் எல்லை எது?

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் அமைந்துள்ளது மங்கலம்பேட்டை. கடலூர் மாவட்டப் பேரூராட்சிகளுள் ஒன்று. இந்துக்களும் இசுலாமியரும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர் வழியாகச் செல்லும்போது, உலகமயமாதல் என்னும் பெருஞ்சொல்லைச் சற்றே எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

உலகம் நம் ஊர்ப்புறங்களுக்கு நேற்று வந்ததன்று. இம்மாவட்டத்துக்குச் செல்வம் தரும் முந்திரி பிரேசில் நாட்டு மரம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். நிலக்கடலையும் தென் அமெரிக்காவில் தோன்றியதே. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரியில் கப்பலேறிப் பிரெஞ்சு நாட்டு எண்ணெய் ஆலைகளை அடைந்தது. இன்று இவ்விரு பயிர்களுக்கும் விருத்தாசலத்தில் ஆராய்ச்சி நிலையமே உண்டு. அயலிலிருந்து வந்த விதையை நம் மண் ஒதுக்கவில்லை, தன்னதாக்கிக்கொண்டது.

மனிதரை நாம் அவ்வாறு ஏற்கிறோமா?

பண்ருட்டி வட்டாரத்தில் உடைபடும் கொட்டையில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். உடைக்கும் பெண்களின் விரல்கள் கருத்துப்போகும். நம் பாயசத்தில் மிதக்கும் பருப்பில் ஆப்பிரிக்க உழவரின் வியர்வையும் அண்டைக் கிராமத்துப் பெண்ணின் காயமும் கலந்துள்ளன. பருப்பின் விலையைக் கேட்போர் பலர். அவர்தம் கூலியைக் கேட்போர் யார்?

'ஊர்' என்று நாம் சொல்லும்போது அதனுள் சேரி அடங்குவதில்லை. வளைகுடாவில் உழைக்கும் மகனோடு நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகின்றன நம் குடும்பங்கள். ஆயின் தெருக்கோடிக்கு அப்பால் வாழ்வோரின் வாசலை மிதித்திரா. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூரையும் நாகையையும் தாக்கியபோது, முகமறியா நாட்டினரும் பொருளுதவி அனுப்பினர். அந்நாள்களிலேயே நாகைப் பகுதியில் தலித் குடும்பங்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. கடல் கடந்து வந்த அன்பு, ஊர் எல்லையைக் கடக்க இயலாமல் நின்றது!

வாணிபம் உலகை இணைத்துவிட்டது; ஆனால் வாணிபம் மட்டும் சமுதாயம் ஆகிவிடாது. ஒருவர் துன்புற்றால் மற்றவர் பொறுப்பேற்கும் இடத்திலேயே சமுதாயம் பிறக்கிறது. அதன் எல்லையை அளப்பது தொலைவன்று, பொறுப்பே. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய பங்குகள் நம்மிடையே உண்டு. உலகளாவிய திருச்சபை என்று பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் நாம், அச்சுவர்களை அகற்றாமல் 'உலகே நம் ஊர்' என்று உரைத்தல் தகுமோ?