ஓநாய் கடிச்சா எத்தனை பக்கம்?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடியிருக்கீங்களா? 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் கொண்டுவந்த கதை விளையாட்டு. நீங்கதான் ஹீரோ, ஜெயிப்பீங்களான்னு பகடை சொல்லும். உயிருக்கு 'ஹிட் பாயின்ட்' கணக்கு. நாப்பது இருந்தாலும் சரி, ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்தாலும் சரி, ஹீரோ அதே வேகத்துல வாள் வீசுவார். நம்ம சினிமா ஹீரோ மாதிரியே!

இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? கை, கால், தலைன்னு தனித்தனி அட்டவணை போட்டு, ஆறு பக்கத்துக்குக் காய விதி எழுதினேன். முதல் நாளே, ஓநாய் ஒண்ணு கடிச்சதுக்குக் கணக்குப் போட இருபது நிமிஷம். நிமிர்ந்து பார்த்தா, கடிபட்ட பக்கத்து ரூம் நண்பன் குறட்டை விடறான். 'லேப் ரெக்கார்டு எழுதற மாதிரி இருக்குடா'ன்னு சொல்லிட்டு, அடுத்த வாரம் அவன் வரவே இல்லை. விளையாட்டு போனாப் போகுது, நண்பன்?

அப்பதான் 2003-ல வந்த 'சாவேஜ் வேர்ல்ட்ஸ்' கண்ணுல பட்டுச்சு. ஹீரோ மூணு காயம் வரை தாங்குவார். ஒவ்வொரு காயத்துக்கும் பகடையில விழறதுல ஒண்ணு குறையும். நாலாவதுல ஆள் சாய்ஞ்சுடுவார். அவ்ளோதான் விதி!

ஆறு பக்கத்தையும் கிழிச்சுட்டு, கெஞ்சி அவனைக் கூட்டிட்டு வந்தேன். மூணாவது காயம் விழுந்ததும் பயல் முகம் வெளுத்துப்போச்சு. 'டேய், என்னைத் தூக்கிட்டு ஓடுங்கடா'ன்னு கத்தினான் பாருங்க... ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டன் வந்து கதவைத் தட்டிட்டார்!