கூடாரம் இல்லாத கேம்ப்

வடதில்லியில் ஆட்டோக்காரரிடம் ‘கேம்ப்’ என்றாலே போதும், கிங்ஸ்வே கேம்ப்பில் இறக்கிவிடுவார். மெட்ரோ நிலையப் பலகை குரு தேக் பகதூர் நகர் என்கிறது, யார் கேட்கிறார்கள்?

1911 தர்பாருக்கு ஐந்தாம் ஜார்ஜ் வந்தபோது இப்பகுதியில் கூடார நகரமே எழுந்தது. 1947இல் பிரிவினை அகதிகள் வந்து குவிந்தார்கள். மன்னரின் ஆடம்பரத்துக்கும் அகதியின் கதியின்மைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். அதன் மூலமான லத்தீன் ‘காம்பஸ்’ வெறும் வெட்டவெளிதான்.

தமிழில் பெயர்க்கும்போதுதான் இடறுகிறது. ‘பாசறை’யில் போர் வாடை. ‘கூடாரம்’ துணியோடு நின்றுவிடும். அரபியிலிருந்து வந்த ‘முகாம்’ பரவாயில்லை. ஆனால் இன்றைய வழக்கில் அதுவும் தங்கிவிட்டுக் கிளம்புவதையே சொல்கிறது. இங்கே அகதிகளில் பலர் கிளம்பவில்லை. வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் நான் ‘கேம்ப்’ என்றே எழுதிவிடுகிறேன்.