மழை நாட் கணக்கு

தெம்பனிஸில் அக்காள் வீட்டுக்கு நாம் செல்வது கிழக்கு மேற்கு ரயில் பாதையில். அப்பாதையிலுள்ள ஜூ கூன் நிலையத்தில், 2017ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், நின்றிருந்த வண்டியின்மீது பின்வந்த வண்டி மோதி 30க்கு மேற்பட்டோர் காயமுற்றதை வாசகர்கள் மறந்திரார். பழைய சமிக்ஞை முறை போய்ப் புதியது வந்துகொண்டிருந்த காலம் அது. பழுதான ஒரு கருவியைக் கடந்தபோது முன்வண்டிக்குரிய மென்பொருட் காப்பு நீங்கிற்று. ஆறு பெட்டிகளை மூன்றென்று கொண்டது புதிய முறை. "கணக்குப் பிசகவில்லை மாமா, கொண்ட கருத்தே பிழை" என்பான் அக்காள் மகன். மென்பொருள் எழுதுவது அவன் தொழில்.

நிற்க. நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. சம்பளக் கணக்கைக் கணினிக்கு மாற்றுமாறு துரை பணிக்க, தோட்டத்து விதிகளை அவனிடம் கொண்டுபோனோம். காலைப் பெரட்டில் பேர் கொடுத்தவருக்கு மழையால் வேலை நின்றாலும் முழுச் சம்பளம் என்பது ஒரு விதி. குலைக் கணக்கை நிறைக்காதவருக்குக் காரணம் எதுவாயினும் அரைச் சம்பளம் என்பது இன்னொன்று.

"பத்து மணிக்கு மழை பிடித்தால் எந்த விதி?" என்றான்.

"வழக்கம்போல" என்றோம்.

"வழக்கம் என்ன?"

நாம் வாய்திறக்கவில்லை. அவன் இரண்டையும் குறியீடாக எழுதிக் காட்டினான். ஒரு கூற்றையும் அதன் மறுப்பையும் ஒருங்கே மெய்யெனக் கொண்டால் எதனையும் நிறுவலாமென்பது மேனாட்டுத் தர்க்கம். வேலைக்கே வராதவருக்குச் சம்பளம் உண்டென்றும் நிறுவலாம். (துரையின் முகத்தை எண்ணிச் சிரித்தோம்.) ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நமக்கு இதெல்லாம் புதுமை. தனித்தனியே தகுதியுடைய இரண்டு ஏதுக்கள் மாறுபட்ட முடிவைத் தருவதை மணிமேகலையின் 29ஆம் காதையே 'விருத்த வியபிசாரி' என்னும் குற்றமாக எண்ணியிருப்பதைப் பின்னரே கண்டோம்.

நியூவெல் பெல்னாப் என்னும் அமெரிக்கர் 1977இல் கணினிக்கு மெய், பொய், இரண்டும், இரண்டுமன்று என நான்கு விடை வகுத்தார்; முரண்பாடு தோன்றிய இடத்தோடு நின்றுவிடும், ஏனைய கணக்கைக் கெடுக்காது. மருமகன் அவ்வழியே, இரு விதியும் மோதும் வரிகளைத் தனியே நிறுத்தச் செய்து, நமது பழைய பேரேட்டை அதில் ஓட்டினான்.

மூன்றாண்டுக் கணக்கில் 41 வரிகள் நின்றன. அத்தனைக்கும் விடையெழுதியிருந்தது நம் கை. மண்டோருக்கு வேண்டியவர் பெயரெதிரே முழுச் சம்பளம். கைம்பெண் ஒருத்தியின் பெயரெதிரே ஒவ்வொரு முறையும் அரை. அவளிடம் நமக்குப் பகையில்லை. அவள் கேட்கமாட்டாள், அவ்வளவே.

அவ்வரிகளை அச்சிட்டுத் துரையின் மேசையில் வைத்திருக்கிறோம். எந்த விதி நிற்க வேண்டுமென்று அவர் இன்னும் சொல்லவில்லை, மழையோ தொடங்கிவிட்டது.