திண்டுக்கல் மலைக்கோட்டை

திண்டைப் போன்று தோன்றும் பெரும்பாறை ஒன்று திண்டுக்கல் நகருக்கு அணி செய்கின்றது. ஊர்ப்பெயர் அதனால் வந்ததென்பர். அப்பாறைமீதுள்ள கோட்டையைக் காணச் சென்ற குழுவில் நண்பர் இருவர் இருந்தனர். ஒருவர் ஸ்பெயின் நாட்டிலுள்ள அல்ஹம்பிரா அரண்மனையைக் கண்டு மீண்டவர். மற்றவர் ஊரை விட்டு நெடுந்தொலைவு செல்லாதவர். "இங்குக் காண்பதற்கு என்ன இருக்கின்றது?" என்றார் முன்னவர்.

வழிகாட்டி படியேறிக்கொண்டே வரலாறு கூறினார். மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605 இல் கோட்டையைக் கட்டினார். 1755 இல் ஐதர் அலி இங்குப் பௌஜ்தாராக அமர்ந்தார். 1790 இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார் இவ்வட்டாரத்தில் அடைக்கலம் பெற்றுப் படை திரட்டி, 1780 இல் தம் நாட்டை மீட்டார். ஆங்கிலேயரை எதிர்த்த விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801 இல் தூக்கிலிடப்பட்டார். இதைக் கேட்டதும் குழுவில் அமைதி நிலவியது.

உச்சியிலிருந்து சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் இடையே பசிய சமவெளியும் தெரிந்தன. மதிலில் சிலர் தம் பெயர்களைக் கீறியிருந்தனர். ஊரிலேயே வாழ்ந்த நண்பர் அவற்றைத் தடவிப் பார்த்து, "உயிர் தந்தவர்கள் கீறவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்களே கீறினர்" என்றார்.

அயல்நாடு கண்டவர் மறுமொழி கூறவில்லை. இறங்கும் வழியெல்லாம் வழிகாட்டியிடம் வினாக்கள் கேட்டுக்கொண்டே வந்தார்.