பத்தாயிரம் நாணயத்துக்கு ஒரு பெண்

கைப்பேசியில் சின்னப் பிள்ளைகள் ஆடும் ஓட்ட விளையாட்டுகளில் ஓடுவதற்கென்று நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. திரையைத் தொட்டால் போதும், பொம்மை தானாக ஓடத் தொடங்கிவிடும். பள்ளம் வந்தால் தாவ வேண்டும், தடுப்பு வந்தால் குனிய வேண்டும், வழியில் கிடக்கும் நாணயங்களைப் பொறுக்க வேண்டும். ஒரு கட்டைவிரலுக்கு உண்டான வேலை. நான்கு வயதுப் பிள்ளையும் ஆடலாம், அதை மடியில் வைத்திருக்கும் ஆயாவும் ஆடலாம். 2011-இல் ‘டெம்பிள் ரன்’ வந்தது, 2012-இல் ‘சப்வே சர்ஃபர்ஸ்’. கூகுள் பிளே ஸ்டோரில் நூறு கோடிப் பதிவிறக்கங்களை முதலில் தொட்ட விளையாட்டு இந்த இரண்டாவதுதான்.

திருவொற்றியூரில் என் தங்கை வீட்டுக்கும் இரண்டும் வந்து சேர்ந்தன. தங்கை தண்டையார்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் போன் மகள் கைக்குப் போய்விடும். 2014-இல் மகளுக்குப் பத்து வயது. ஒருநாள் திரையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: “பெரிம்மா, பையன் சும்மா வரான். பொண்ணு வேணும்னா மட்டும் ஏன் காசு சேக்கணும்?”

அவள் கேட்டது சரியான கணக்கு. டெம்பிள் ரன்னில் தொடக்கத்திலேயே கிடைப்பவன் கய் டேஞ்சரஸ் என்னும் ஆண். ஸ்கார்லெட் ஃபாக்ஸ் என்னும் பெண்ணாக ஓட வேண்டுமென்றால் அப்போது 10,000 நாணயம் கொடுக்க வேண்டியிருந்தது. அவனாக ஓடி ஓடிச் சம்பாதித்த பிறகுதான் அவளாக ஓட முடிந்தது.

மறு ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இதே கேள்வியை ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழில் கட்டுரையாக எழுதினாள். முன்னணியில் இருந்த 50 ஓட்ட விளையாட்டுகளை இறக்கிக் கணக்கெடுத்திருந்தாள். ஆணா பெண்ணா என்று அடையாளம் தெரிகிற பாத்திரங்கள் உள்ளவற்றில் 98 சதவீதத்தில் ஆண் இருந்தான், 46 சதவீதத்தில் மட்டுமே பெண் இருந்தாள். ஆணை இலவசமாகத் தந்தவை 90 சதவீதம். பெண்ணை இலவசமாகத் தந்தவை 15 சதவீதம். கட்டுரை வந்த பின் டெம்பிள் ரன் நிறுவனம் பெண் பாத்திரத்தை இலவசமாகத் தருவதாகச் சொன்னது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் நடாலியா லக்யனோவா என்ற பெண். பெண்ணும் சேர்ந்து உருவாக்கிய ஆட்டத்திலேயே ஓடுகிறவன் என்றால் முதலில் ஆண்தான் நினைவுக்கு வந்திருக்கிறான்.

பிள்ளைத்தமிழ் பாடம் நடத்துகிறவளுக்கு இது புதிதில்லை. பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருபாலுக்கும் பொது. வாரானைப் பருவத்தில் குழந்தை தளர்நடை போட்டு வருகிறது, அம்புலிப் பருவத்தில் நிலவை விளையாட அழைக்கிறார்கள். அதுவரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாதை. கடைசி மூன்றில் பாதை பிரிகிறது. ஆண் குழந்தை சிற்றில் சிதைப்பான், சிறுபறை கொட்டுவான், சிறுதேர் உருட்டுவான். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் என்பது சிறுமியர் மணலில் கட்டும் வீடு. அதை மிதித்துக் கலைப்பது அவனுக்கு ஒரு பருவம். ஊசலில் அவள் எவ்வளவு வேகமாக ஆடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு ஒருத்தி எப்போது தன் சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லத் தொடங்குவாள்.

துரத்தலும் அப்படித்தான். சப்வே சர்ஃபர்ஸில் ஒரு பையன் ரயிலில் படம் வரைந்துகொண்டிருக்கிறான். காவலரும் நாயும் பார்த்துவிடுகிறார்கள். அவன் தண்டவாளத்தில் ஓடுகிறான், அவர்கள் துரத்துகிறார்கள். குறும்பு செய்து அகப்படாமல் ஓடுவது பையனுக்குச் சாகசம். கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போகக் காத்து நிற்கும் பெண்ணுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் அதை யாரும் விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள். அவளிடம் கேட்பது வேறு: அந்த நேரத்தில் அங்கே உனக்கென்ன வேலை?

எங்கள் பகுதியில் ஓட இடம் இருந்தது. கடற்கரை இருந்தது. அலை தின்றது போக மிஞ்சியதைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். எண்ணூர் விரைவுச் சாலையைக் கன்டெய்னர் லாரிகள் எடுத்துக்கொண்டன. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு கொட்டிய எண்ணெய், எர்ணாவூர்க் கரையில் தார்போல ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளினார்கள். மிச்சமிருந்த இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். இடம் குறையக் குறைய முதலில் வெளியேறியவர்கள் பெண்பிள்ளைகள். அவர்களை யாரும் விரட்டவில்லை. பந்து வந்து படும், ஓரமாக நில் என்றார்கள். ஓரமும் இல்லாதபோது வீட்டுக்குப் போ என்றார்கள்.

அந்த ஆண்டு கோடையில் தங்கை மகள் வயதுக்கு வந்தாள். அதற்கு முன்பு பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் அவள்தான் முதல். மஞ்சள் நீராட்டு முடிந்ததும் அம்மா சொல்லிவிட்டாள்: “இனிமே ரோட்ல ஓடறது, குதிக்கிறதுல்லாம் கூடாது.” போனை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. படிப்பு கெடும், கண் கெடும் என்று நான்தான் ஏதோ சொன்னேன். அம்மா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: “போன்லயே ஓடட்டும் விடு. வீட்டுக்குள்ளதானே கீறா.”

பிள்ளைகள் போனிலேயே கிடக்கிறார்கள் என்று எல்லோரும் புலம்புகிறோம். பெண்பிள்ளை போனில் கிடப்பதில் வீட்டுக்கு ஒரு நிம்மதியும் இருக்கிறது. காலை அடக்கிவிட்டுக் கட்டைவிரலுக்கு அனுமதி கொடுத்தால் ஆசையும் தீர்ந்தது, ஆளும் கண்ணெதிரே இருக்கிறாள். அம்மானையையும் ஊசலையும் போல இதுவும் இருந்த இடத்திலேயே ஆடும் ஆட்டம்.

ஓர் இரவு தங்கை அந்தப் போனை வாங்கி ஆடிப் பார்த்தாள். இரண்டு முறை சுவரில் மோதினாள். “என் வேலை மாதிரியே இருக்குதுக்கா. முடிவே கெடையாது. நின்னா அவுட்டு” என்று சிரித்தாள். இந்த ஆட்டங்களில் எல்லைக்கோடு கிடையாது என்பது உண்மைதான். விழுந்தால்தான் முடியும். சிரித்துக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மகளிடம், “காலைல ஆறு மணிக்கு எந்திரிப்பியா?” என்று கேட்டாள்.

பக்கத்துப் பள்ளி மைதானத்தில் காலையில் நடப்பவர்களை உள்ளே விடுவார்கள். “காலங்கார்த்தால வயசுப் பொண்ண இட்டுக்கினு எங்க போற?” என்று அம்மா கேட்டாள். “நான் கூடத்தானே போறேன்” என்று தங்கை சொன்னாள். தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள், அவர்களுக்கும் அதே பதில். ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை. அதன் பிறகு சமையல், பிறகு கம்பெனி பஸ். முதல் வாரம் தங்கை கேட்டருகே கல்லில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தாள். அடுத்த வாரம் சுற்றி நடந்தாள். மழைக்காலத்துக்குள் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தங்கள் மகள்களோடு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

தங்கை மகள் பதக்கம் எதுவும் வாங்கவில்லை. மாவட்டப் போட்டிக்குக்கூடப் போகவில்லை. இப்போது கல்லூரி முடிக்கப் போகிறாள். அதிகாலையில் யாருடைய துணையும் இல்லாமல் போய் ஓடிவிட்டு வருகிறாள். அந்த மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, விளக்குகளில் பாதி எரிவதில்லை. இரண்டையும் கேட்டுப் போன மாதம் ஒரு மனு எழுதினாள். எழுத்துப்பிழை பார்க்க என்னிடம் கொடுத்தாள். நாற்பத்தொரு பெண்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். எட்டாவதாக ஒரு கைநாட்டு. அது எங்கள் அம்மாவுடையது.