சடைநாகர் பேரேடு

“ஏட்டி, அவ தலைக்கு எண்ணெ தேய்ப்பாளா?”

அக்கா கேட்ட இந்தக் கேள்வியில்தான் எங்கள் சடைநாகர் இனம் பிறந்தது. திருநெல்வேலியில் ஆச்சி வீட்டு முற்றம், கோடை விடுமுறை, வெள்ளிக்கிழமை. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஆச்சி எங்கள் உச்சியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். முந்தின இரவு தெருவில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டிருந்தார்கள். இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவில் ஓர் ஆங்கிலப் படம். 1981-இல் வந்த ‘க்ளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ என்று அதன் பெயர் பின்னாளில்தான் தெரிந்தது. இருண்ட மண்டபம், தீவட்டி வெளிச்சம், கையில் வில்லோடு தரையில் ஊர்ந்து வரும் ஒருத்தி. அவள் தலை முழுக்கப் பாம்புகள். பார்த்தவன் கல்லாகிறான். கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். பெரியம்மா மகளான அக்கா மட்டும் பொத்தவில்லை. மறுநாள் காலை அவள் கேட்டது அந்த மெதூசாவின் தலையைப் பற்றித்தான்.

“பாம்புக்குச் சிக்கு விழுமா? ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டா எப்படி எடுப்பா?”

ஆச்சி எங்கள் பேச்சு எதைப் பற்றி என்று தெரியாமலே பதில் சொன்னாள்: “பின்னிக்கிட்டா அதுவே பிரிஞ்சுக்கிடும். நீங்க தலையை ஆட்டாம இருங்க.”

அதுவே முதல் விதி. சீப்பு வேண்டாம், அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும்; தலையில் இருப்பவை தாமாகவே பிரிந்துகொள்ளும். அதனால் அந்த இனத்தின் பெண்கள் காலையில் கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் அவர்களைக் கூப்பிடக் கூடாது.

பெயரைத் தேடி அலையவில்லை. அந்த வருஷம்தான் சித்தி கல்யாணம் முடிந்திருந்தது. வாடகைக்கு வாங்கி வந்த சடைநாகத்தைச் சித்தியின் பின்னலில் பொருத்தும்போது பக்கத்திலேயே நின்றோம். மேலே படமெடுத்த ஐந்து தலை, சிவப்புக் கற்கள், கீழே இறங்க இறங்கக் குறுகும் வில்லைகள், நுனியில் குஞ்சலம். எங்கள் வீட்டுப் பெண்களே ஒரு நாளைக்குப் பாம்பைத் தலையில் தாங்கித்தான் மணவறைக்குப் போகிறார்கள் என்றால், அப்படியே தாங்கிக்கொண்டு பிறக்கிற ஓர் இனம் இருப்பதில் எங்களுக்கு ஆச்சரியம் எதுவும் தோன்றவில்லை. சடைநாகர் என்று வைத்தோம். ஊர், புற்றூர்.

எழுதிவைக்கத் தாத்தாவின் பேரேடு கிடைத்தது. பலசரக்குக் கடையை மூடியபின் மிஞ்சிய நீள நோட்டு, சிவப்புத் துணி அட்டை, நடுவில் கோடு கிழித்த பக்கங்கள். முடிவான விதியை வரவில் எழுதுவோம். பதில் தெரியாத கேள்வியைப் பற்றில் எழுதுவோம். விடை கிடைத்தால் பற்றில் அடித்துவிட்டு வரவில் ஏற்றுவோம். அக்கா இதில் மகா கறார். “மந்திரம்னு சொல்லாத. மந்திரம்னு சொன்னா அதோட பேச்சு முடிஞ்சு போவும். காரணம் சொல்லு” என்பாள். இன்றைக்கும் ஒரு கற்பனை உலகத்தைப் படிக்கும்போது அவளுடைய இந்தக் குரல் எனக்குள் கேட்கிறது.

காரணம் தேடித்தான் பாம்புகளிடம் போனோம். பின்கட்டில் பனைமட்டையும் விறகும் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு நாள் சாரைப்பாம்பின் சட்டை கிடைத்தது. தலையிலிருந்து வால் நுனிவரை கிழியாமல், எங்கள் இருவரின் உயரத்தையும் மிஞ்சிய நீளம். கழற்றிப்போட்ட காலுறையைப் போல உட்புறம் வெளியே திரும்பியிருந்தது. முதுகுப் பக்கம் சின்னச் சின்னச் செதில்கள் சாய்வு வரிசையில். வயிற்றுப் பக்கம் ஒற்றை வரிசையாக அகலப் பட்டைகள். கையில் எடுத்தால் சரசரத்தது, எடையே இல்லை. அக்கா தலைப்பகுதியை விரலில் ஏந்தி வெயிலில் காட்டினாள். கண் இருந்த இடத்தில் ஓட்டை இல்லை. வட்டமாக, தெளிவாக, ஒரு மெல்லிய வில்லை. அதன் வழியே வானம் தெரிந்தது.

தாத்தாவிடம் ஓடினோம். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூட முடியாது, கண்ணுக்கு மேல் ஒளி ஊடுருவும் ஒரு செதில்தான் காவல், சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்தே உரியும் என்றார். உரிப்பதற்குச் சில நாள் முன்னால் கண் நீலம் பாரித்து மங்கும், பார்வை சரியாக இருக்காது, அப்போது அது ஒளிந்துகொள்ளும், சீண்டினால் கோபம் அதிகம் வரும் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வரவுப் பக்கம் நிரம்பியது. சடைநாகர் தூங்கினாலும் அவர்கள் தலை தூங்குவது தெரியாது; எத்தனையோ கண்கள் திறந்தபடியே இருக்கும்; ஆகவே புற்றூரில் திருட்டு இல்லை, வீட்டுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. தலையில் நீலம் பாரிக்கும் நாட்கள் சட்டை நோன்பு. அந்த நாட்களில் வழக்கு, சண்டை, கடன் கேட்டுப் போவது எதுவும் ஆகாது. எதிரியே ஆனாலும், தலையில் நீலம் கண்டவரைக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரவேண்டும். இந்தக் கடைசி வரி அக்காவுடையது.

பாம்புகள் தலையில் முளைக்கின்றனவா, வந்து சேர்கின்றனவா என்பதில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. முளைக்கும் என்றாள் அக்கா. எனக்கு அது ஒப்பவில்லை. பாம்பு குளிர் ரத்தப் பிராணி, சூடு தேடிப் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். மனுஷத் தலையில் சூடு உண்டு. பாம்புக்கு வெளிக்காது கிடையாது என்றாலும் தரையின் அதிர்வை உடம்பால் உணரும். பிளந்த நாக்கால் காற்றைத் துழாவி வாசனை அறியும். ஆகவே இது ஓர் உடன்படிக்கை என்றேன். மொட்டைத் தலையோடு பிறக்கிற பிள்ளையை முதல் மழைக்குப் பிறகு தாய் புற்றடியில் உட்காரவைப்பாள். விருப்பமுள்ள குட்டிகள் ஏறிக்கொள்ளும். தலை சூடு தரும், அவை சேதி தரும். ராத்திரி படுத்த பிறகும் வாதாடினோம். ஆச்சி அதட்டினாள்: “இருட்டுன பெறகு அந்தப் பேரைச் சொல்லக் கூடாது. பூச்சின்னு சொல்லுங்க.” பூச்சி முளைக்குமா, வருமா என்று கிசுகிசுத்தபடி தூங்கிப்போனோம். கடைசியில் புற்றூரில் முளைத்தார், வந்தார் என்று இரண்டு குலங்கள் உண்டாயின. எங்கள் வழக்கு அப்படியே அவர்கள் வழக்காகிவிட்டது.

அடுத்த விடுமுறையில் மெட்ராஸ் போனபோது கிண்டி பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பண்ணை அது. எங்கள் கண்ணுக்கு அது புற்றூரின் தலைமைச் செயலகம். கட்டுவிரியன் மற்றப் பாம்புகளையும் தின்னும், இரவில்தான் இரை தேடும் என்று அங்கே கேட்டதும் அக்கா என் கையைக் கிள்ளினாள். ஊர் திரும்புமுன் அந்தப் பெண் பிறந்துவிட்டாள். தலையில் ஒரே ஒரு கட்டுவிரியன் உள்ளவள். வேறெதுவும் அவள் தலையில் தங்க முடியாது. கருமையில் வெள்ளைக் கோடுகள் ஓடும் ஒற்றைச் சடை. பகலில் தூங்கி ராத்திரி ஊரைக் காவல் காப்பவள். கல்யாண வீட்டில் யாரும் அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், ஆனால் அவள் ரோந்து வரும் நம்பிக்கையில்தான் ஊரே தூங்குகிறது. பேரேட்டில் அதிகப் பக்கங்கள் அவளுக்குத்தான் போயின. பாடப்புத்தகத்தில் எந்த ராணிக்காகவும் நான் அவ்வளவு மனம் உருகியதில்லை.

கொம்பேறிமூக்கனுக்கு விஷம் இல்லை என்று தெரிந்ததும் அங்கேதான். அது கடித்துவிட்டு மரத்தின் உச்சிக்கு ஏறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லும் கதை. கதையை விட எங்களுக்கு மனசில்லை. அதன் நோக்கத்தை மாற்றினோம். கொம்பேறிமூக்கன் தலையில் உள்ளவர்கள் புற்றூரின் உயர்ந்த மரத்தில் ஏறி நான்கு திசையும் பார்ப்பார்கள். எங்காவது புகை கண்டால் இறங்கி வந்து, துக்கம் கேட்கப் போவார்கள். அந்நிய ஊராக இருந்தாலும் போவார்கள்.

கல்லாக்கும் பார்வைதான் கடைசிவரை பற்றுப் பக்கத்தில் கிடந்தது. இத்தனை நல்ல ஜனங்கள் ஏன் மனிதர்களைக் கல்லாக்க வேண்டும்? ஒரு ஆவணி ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போனோம். ஓலை வேய்ந்த கருவறை, பிரசாதமாக ஈர மண், வரிசை வரிசையாக நாகர் சிலைகள், எல்லாவற்றின்மேலும் மஞ்சள். ஒரு தாய் இடுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து ஒரு நாகர் கல்லின்மேல் மஞ்சள் பூசவைத்தாள். அக்கா வெகுநேரம் அதையே பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது சொன்னாள்: “கல்லாக்குறது தண்டனை இல்லட்டி. அவுங்ககிட்ட புஸ்தகம் கிடையாது. யாரை மறக்கக் கூடாதோ அவுங்களைக் கல்லாக்கி வச்சுக்கிடுதாங்க. கேட்டுக்கிட்டு, சம்மதிச்சாத்தான்.” அத்தோடு பற்று தீர்ந்தது.

வளர்ந்து கிரேக்கப் புராணங்களைத் தேடிப் படித்தபோது அங்கேயும் ஒரு பேரேடு இருந்தது. சுமார் கி.மு. 700-இல் ஹெசியட் என்ற கவி பாடியபோது கோர்கன்கள் கடலுக்கு அப்பால், உலகின் விளிம்பில் வாழும் மூன்று சகோதரிகள்: ஸ்தேனோ, யூரியாலே, மெதூசா. மூவரில் மெதூசாவுக்கு மட்டும்தான் சாவு உண்டு. அவளைத்தான் பெர்சியஸ் என்ற வீரன் வெட்டினான். கோர்ஃபு தீவில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகப்பில் அவள் பல்லைக் காட்டிச் சிரித்தபடி ஓடுகிறாள், இடுப்பில் முடிச்சிட்ட இரண்டு பாம்புகள். ஹெசியடுக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்குப் பின் வந்த ரோமானியக் கவி ஓவிட், அவள் ஒரு காலத்தில் அழகிய கூந்தல் கொண்ட பெண் என்றும், கடல் தெய்வம் அவளுக்கு இழைத்த வன்கொடுமைக்குத் தண்டனை அவள் கூந்தலுக்கே கிடைத்தது என்றும் எழுதினார். அவள் ரத்தம் லிபியா பாலையில் சொட்டித்தான் அங்கே பாம்புகள் நிறைந்தன என்று ஒருவர் சேர்த்தார். அதே ரத்தத்தில் ஒரு பக்கத்துத் துளி கொல்லும், மறுபக்கத்துத் துளி உயிர் மீட்கும் என்று இன்னொருவர் சேர்த்தார். அவர்களும் பற்றில் இருந்ததை வரவில் ஏற்றிக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள்.

இவற்றில் என்னை நிலைகுலைய வைத்தது பிண்டார் என்ற கவி கி.மு. 490-ஐ ஒட்டிப் பாடிய ஒரு வெற்றிப் பாட்டு. குழல் வாசிப்புப் போட்டியில் வென்ற ஒருவனைப் புகழ்வதற்காக எழுதியது. மெதூசா வெட்டுண்டதும் மற்ற இரு சகோதரிகளும் புலம்பினார்கள். அவர்கள் தலைப் பாம்புகளிலிருந்தும் அந்த ஓலம் எழுந்தது. யூரியாலேயின் அழுகையைக் கேட்ட அதீனா தேவி அதைக் குழலில் வடித்து, பல தலைகளின் இசை என்று பெயரிட்டாள் என்கிறது அந்தப் பாட்டு. உலகமே பயந்த ஓர் இனத்துக்கு உடன்பிறப்பு உண்டு, சாவு வீடு உண்டு, ஒப்பாரி உண்டு என்று அந்தக் காலத்திலேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. நம் மணிமேகலையிலும் கப்பல் உடைந்து நாகர் மலையில் கரையேறிய சாதுவன், கொல்ல வந்தவர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசுகிறான். பேச்சு தொடங்கியதும் அவர்கள் விருந்து படைக்கிறார்கள்.

எங்களை மிரட்டிய அந்தப் படத்தில் மெதூசாவை அசைத்தவர் ரே ஹாரிஹவுசன். பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுத்த காட்சி அது. கூந்தலின் ஒவ்வொரு பாம்பையும் ஒவ்வொரு தடவையும் கையால் தொட்டுத் திருப்பியிருக்கிறார். இந்தப் பாம்பு இப்போது எங்கே பார்க்கிறது, என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றிடமும் கேட்காமல் அது முடியாது. ஓர் இனத்தை உண்டாக்குவது என்றால் இதுதான் என்று நான் நம்புகிறேன். அவர்களுடைய சக்தி என்ன, ஆயுதம் என்ன என்பதெல்லாம் பிறகு. எப்படித் தூங்குவார்கள், எப்போது பலவீனமாக இருப்பார்கள், யார் வீட்டுத் துக்கத்துக்குப் போவார்கள் என்பதில் தொடங்க வேண்டும். அதைக் கேட்கத் தொடங்கிய பிறகு எங்களால் அவர்களை வெறுக்க முடிந்ததே இல்லை.

பேரேடு இப்போது என்னிடம் இருக்கிறது. அக்கா மகள் அதைப் படித்துவிட்டு, நாங்கள் இருவரும் தொடாமலே விட்ட ஒன்றைக் கேட்டாள்: “சித்தி, அவங்க செத்துப்போனா தலையில இருக்கிற பாம்பெல்லாம் எங்க போகும்?” மூவரும் போனில் பேசி முடிவு செய்தோம். அவை புற்றுக்குத் திரும்பிக் காத்திருக்கும். அதே குடும்பத்தில் அடுத்த பிள்ளை வரும்போது அதன் தலையில் ஏறும். பூட்டியின் தலையில் இருந்ததே கொள்ளுப்பேத்தி தலைக்கும் வரும். பூட்டி கண்டது கேட்டதையெல்லாம் அவள் காதில் சொல்லும். வந்தார் குலம்தான் சரி என்று இத்தனை வருஷம் கழித்து எனக்கு வெற்றி கிடைத்த சந்தோஷத்தில் வரவுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். அவள் விடவில்லை. “பூட்டிக்குப் பிடிக்காதவங்களைப் பத்திப் பாம்பு தப்பாச் சொன்னா, பேத்தி நம்பணுமா?” என்று கேட்டுப் பற்றுப் பக்கத்தில் அவளே எழுதிவைத்தாள். வரும் விடுமுறைக்கு அக்கா வரட்டும். உட்கார்ந்து பேச வேண்டும்.