ஆசிரியரின் வண்டியும் மழைநீரும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை ஒன்று வேண்டியபோது, கல்லூரியின் வளர்ச்சி குறித்தோ அக்கால விளையாட்டு வெற்றிகள் குறித்தோ யாம் எழுதுவோம் என எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் எழுதப் புகுவது, ஒரு மோட்டார் வண்டிக்குள் மழைநீர் புகுந்த வழியைத் தேடிய கதை. இஃது மலருக்கு ஏற்றதோ என ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்வோம். அவ்வண்டி எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியருடையது. 1966 முதல் அவர் ஓய்வுபெற்ற 1994 வரை இக்கல்லூரியிற் பயின்றவருள், முன்வாயிலின் வேப்பமரத்தடியில் அது நிற்கக் காணாதவர் இரார்.

வண்டி 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்து, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டியினம் அது. முதலில் இரு துண்டாயிருந்த முகப்புக் கண்ணாடி 1956இல் ஒரே வளைந்த கண்ணாடியாயிற்று. எம் ஆசிரியரின் வண்டி அப்பிற்பட்ட வகையைச் சேர்ந்தது. அவர் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். 1990இல் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபின், இங்குள்ள ஏனைய வண்டிகளைப் போல இதுவும் மண்ணெண்ணெயைக் குடித்து ஓடிற்று. தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். பின்னர் புகையும் மணமுமாக ஓட்டம். 1995 ஒற்றோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, ஆசிரியர் தம் குடும்பத்தாருடன் அயல்வீட்டு முதியவர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, நாவற்குழி வழியே நடையினும் மெதுவாக இதனிற் சென்றார். அன்றும் மழை பெய்தது. வண்டிக்குள் நீர் ஒழுகியதாம். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் எவருமில்லை.

ஒழுக்கு வண்டிக்குப் புதிதன்று. யாம் மாணவராயிருந்த காலத்திலேயே இடப்பக்க முன்னிருக்கையின் காலடியில் ஒரு சாக்கு விரிக்கப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் ஆசிரியரின் துணைவியார் அதனைப் பிழிந்து வேலியிற் போடுவதைக் கண்டிருக்கின்றோம். அறுபது ஆண்டு கடந்த வண்டியொன்றில் நான்கு துளி நீர் பெரிதோ எனில், 2024ஆம் ஆண்டு வரை பெரிதன்று என்போம். அவ்வாண்டு ஆவணியில், தொண்ணூறு வயதை எட்டிய எம் ஆசிரியரின் இடக்காற் பாதத்தில் நீரிழிவினாற் புண் உண்டாயிற்று. வாரத்தில் இருமுறை வைத்தியசாலைக்குச் சென்று மருந்து கட்டுவித்தல் வேண்டும்; கட்டு நனையலாகாது; நனைந்தால் விரல்களை இழக்க நேரலாம் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐப்பசி முதல் மார்கழி வரையே யாழ்ப்பாணத்தின் மழையிற் பெரும்பங்கு பெய்வதாகும். முச்சக்கரவண்டியிற் சாரல் அடிக்கும். வாடகைக்கு வேறு கார் அமர்த்தலாம் என்றோம். "தம்பி, இருக்கிற வண்டியைத் திருத்தலாம் தானே" என்றார். வண்டி ஓட்டுவது அப்போது எம் பொறுப்பாகியிருந்தது. ஓய்வுபெற்றவர்க்கு வேறு வேலை யாது?

முதலில் நகரத்துக் கராச் ஒன்றில் விட்டோம். அவர்கள் முகப்புக் கண்ணாடியைச் சுற்றியும், கதவு விளிம்புகளிலும், கண்ட கண்ட இடமெல்லாம் சிலிக்கோன் பசையைப் பூசி, கணிசமான தொகையும் பெற்றுக்கொண்டு வண்டியைத் தந்தனர். அடுத்த மழையில் முன்னையினும் மிகுதியாக நீர் நின்றது. ஆசிரியர் காலை இருக்கையின்மேல் தூக்கி வைத்தபடியே வீடு வந்தார். அன்று மாலை அவர் சொன்னது, எமது பதினாறாம் வயதிற் கரும்பலகையருகே நின்று சொன்னதே: "ஒரே நேரத்தில் எல்லா மாறியையும் மாற்றினால் விடை எங்கேயிருந்து வந்தது எண்டு தெரியுமோ?"

ஆகவே யாமே தேடத் துணிந்தோம். பாய், சாக்கு, கம்பளம் யாவற்றையும் அகற்றி, இரண்டு நாள் வெயிலில் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து உலர்த்தினோம். நனைந்த வண்டியில் ஒழுக்குத் தேடுவது வீண். கம்பளத்தை நீக்கியபோது ஓட்டுநரின் காலடியில் ஒரு மூடுதகடு தெரிந்தது. இவ்வண்டியிற் பிறேக்கின் முதன்மை உருளை அத்தகட்டின் கீழ், சட்டத்துக்குள் இருக்கின்றது. அங்கே ஈரம் தேங்கித் துருப்பிடித்தால் காலில் ஈரம்படுவதோடு நில்லாது. நல்லூழாக அப்பக்கம் உலர்ந்தே இருந்தது.

பின்னர் தரை முழுவதும் பழைய செய்தித்தாள் பரப்பினோம். தாளில் நனைந்த இடம் ஒரு மணிநேரமாயினும் அடையாளம் காட்டும். தகட்டின் பொருத்துகளிலும் இறப்பர் ஓரங்களிலும் வெண்கட்டியை உரசித் தூளைப் பூசினோம். நீர் ஓடிய வழி அத்தூளிற் கோடாக விழும். வெண்கட்டி ஆசிரியர் வீட்டில் இன்றும் ஒரு பெட்டி உண்டு. திருநீறும் இதற்கு உதவும் என்றான் அவருடைய பேரன். அவனை அதட்டினோமாயினும், உதவும் என்பது உண்மையே.

நீர் ஊற்றுவதில் ஒரு முறையுண்டு. மேலேயிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் விளங்காது. பூவாளியினால், கீழிருந்து தொடங்கி, ஒரு சாண் இடத்துக்குப் பத்து நிமிடம் எனப் பொறுமையாக மேலேற வேண்டும். பேரன் மின்சூளுடன் உள்ளே கிடந்தான். சில்லுப் பக்கமாகக் கீழிருந்து பீய்ச்சியபோது ஒன்றும் வரவில்லை, தரையில் ஓட்டையில்லை. கதவின் அடிவிளிம்பு, பிணைச்சல், முகப்புக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தகடு, துடைப்பானின் தண்டு, ஒவ்வொன்றாக முடித்துக் கண்ணாடியின் இடக்கீழ் மூலையை அடைந்தவுடன், "வருது, வருது!" என்று உள்ளிருந்து கூவினான். வெண்கட்டித் தூளில் ஒரு கோடு. அந்நீர் முகப்புத் தகட்டின் அடிப்புறமாக ஒட்டியபடியே ஓர் அடிக்குமேல் ஓடி, வேறோரிடத்திற் சொட்டிற்று. சொட்டுகின்ற இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவர்கள் தோற்றது இதனாலன்றோ!

பழைய இறப்பர் கல்லாய் இறுகியிருந்தது. புதியது கொழும்பிலிருந்து வருவித்தோம். கண்ணாடியைக் கழற்றி, பசையெல்லாம் சுரண்டி, விளிம்பிலிருந்த துருவைத் தேய்த்து வர்ணம் பூசினோம். புதிய இறப்பரைக் கண்ணாடியிற் பூட்டி, அதன் உட்புற வரிப்பள்ளத்தில் மெல்லிய கயிறொன்றைச் சுற்றிவர வைத்து, சவர்க்கார நீர் தடவி, ஒருவர் வெளியே நின்று கண்ணாடியை அழுத்த, மற்றவர் உள்ளேயிருந்து கயிற்றை இழுத்துவர, இறப்பரின் உதடு தகட்டு விளிம்பின்மேல் ஏறி அமர்ந்துகொள்ளும். எழுதுவது எளிது. எமக்கு மூன்று முறை தவறிற்று. அயலிலுள்ள இளம் மெக்கானிக் ஒருவர் வந்து, பணம் வாங்க மறுத்து, கால் மணியில் முடித்துத் தந்தார்.

மீண்டும் பூவாளி. கண்ணாடி மூலை உலர்ந்திருந்தது. காலடித் தாளோ நனைந்திருந்தது! முன்னையிற் பாதியளவு நீர் இன்னும் வந்தது. இரண்டாவது வழி ஒன்று உண்டு என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது. இம்முறை கதவுக் கண்ணாடியின்மேல் நீரை வார்த்தோம். கண்ணாடியின் இருபுறத்துப் பட்டைகளும் நீரை முழுவதும் தடுப்பனவல்ல. அதனை வழிந்து கதவின் வயிற்றுக்குள் நீர் இறங்குதல் இயல்பு. இறங்கிய நீர் வெளியேறவே கதவின் அடியிற் சிறு துளைகள் வைத்துள்ளனர். எம் கதவின் அடியில் ஒரு துளி தானும் விழவில்லை. கதவைத் தட்டினோம், நிறைகுடம் போல் ஒலித்தது. உட்பலகையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே நாலு விரல் ஆழத்துக்கு நீர். அது நிரம்பிப் பலகையின் பொருத்து வழியே காலடிக்கு வழிந்துகொண்டிருந்தது.

கதவுக்குக் கீழே மல்லாந்து கிடந்து பார்த்தோம். துளைகள் தாரினால் அடைக்கப்பட்டிருந்தன. தார் கருங்கல்லாய் இறுகியிருந்தது. அதன்மேல் ஒரு பெருவிரலின் பதிவு இருந்தது.

வாசகரிடம் இனி மறைப்பதற்கில்லை. 1976ஆம் ஆண்டு, உயர்தர வகுப்பிற் பயின்ற யாமும் தோழர் இருவரும் சனிக்கிழமைகளில் ஆசிரியர் வீட்டில் மேலதிக வகுப்புக்குச் செல்வோம். அவர் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. கைம்மாறாக வண்டியைக் கழுவிக் கொடுப்போம். கழுவி முடிந்தபின் கதவின் அடியிலிருந்து நெடுநேரம் நீர் சொட்டுவதைக் கண்டு, 'இங்கே ஓட்டையிருக்கின்றது. அதனாலன்றோ மழையில் உள்ளே நீர் வருகின்றது' என முடிவு செய்து, வீதி வேலைக்காகக் கிடந்த தார்ப் பீப்பாயிலிருந்து ஒரு சிரட்டை தார் எடுத்துவந்து அடைத்தவர் யாம். நீர் சொட்டுவது நின்றது. பெருமிதத்துடன் வீடு சென்றோம். அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டு. இடையில் அக்கதவின் வெளித்தகட்டில் ஒருமுறை ஒட்டுப் போடப்பட்டிருக்கின்றது. யாழ்ப்பாணத்து உப்புக்காற்றே காரணம் என்று ஆசிரியர் நம்பியிருந்தார். அந்தச் சாக்கைப் பிழிந்த அம்மையார் இன்று இல்லை.

அன்று இரவு எமக்கு உறக்கமில்லை. துளைகளைத் திறந்துவிட்டு வாளாவிருந்திருக்கலாம், பேரனுக்கும் தெரியாது. ஆயினும் மறுநாட் காலை ஆசிரியரின் சாய்மனைக் கதிரையருகே சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "துளையெல்லாம் திறந்தாச்சோ?" என்றார்.

"திறந்தாச்சு, சேர்."

"மற்றக் கதவுகள்?"

எமக்கு நா எழவில்லை. அன்று எத்தனை கதவுகளை அடைத்தோம் என்பது நினைவில் இல்லை. மற்ற மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது தோன்றவுமில்லை. அறுபதைக் கடந்தும் ஆசிரியர் முன் பாதிக் கணக்குடன் நிற்பது எத்தகையது என்பதனை எம்முடன் பயின்றோர் அறிவர். ஓடிச் சென்று பார்த்தோம். இடப்பக்கப் பின்கதவிலும் தார் இருந்தது. ஆணியைத் தீயிற் காய்ச்சிக் குத்தியவுடன், துருநிறத்தில் நீர் பீறிட்டு எம் சட்டையில் அடித்தது. வலப்பக்கம் இரண்டும் திறந்தே இருந்தன. அவ்வளவில் தார் முடிந்திருத்தல் வேண்டும்.

துளைகளைக் கம்பியாற் செம்மை செய்து, உட்புறத் துருவைச் சுரண்டி வர்ணம் பூசி, உட்பலகைக்குப் பின்னே தடித்த பொலித்தீன் தாள் ஒட்டினோம். நீர் எங்கேனும் தெறித்தாலும் கதவுக்குள்ளேயே விழுந்து துளைவழி செல்லும். செலவு மிகச் சிறிது.

கார்த்திகைக் கடைசி வாரத்தில், வங்காள விரிகுடாவில் எழுந்த புயலினால் வடபகுதியெங்கும் வெள்ளம் பெருகியது பலர்க்கும் நினைவிருக்கும். மழை சற்றுத் தணிந்த ஒரு காலையில், வீதியில் நீர் வடிந்த வழி பார்த்து, ஆசிரியரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். பாதி வழியில் மழை மீண்டும் கொட்டிற்று. கதவுகளின் அடியால் நீர் ஒழுகி வீதியில் விழுந்துகொண்டிருந்தது. காலடியிற் சாக்குக்குப் பதிலாகச் செய்தித்தாள் ஒன்றையே விரித்திருந்தோம். வைத்தியசாலை வாயிலிற் குடை எடுத்து மறுபக்கம் சென்று கதவைத் திறந்தபோது, ஆசிரியர் இறங்கும் நோக்கமின்றி இருந்தார். காலடியிலிருந்த தாளைக் குனிந்து எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, வாசித்துக்கொண்டிருந்தார்.

"இது போன மாதத்துப் பேப்பர் எல்லோ, தம்பி" என்றார்.